பனை வைத்தவர்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தென்னை சில ஆண்டுகளில் காய்க்கும். பனை காய்க்க ஒரு தலைமுறை வேண்டும். வைத்தவனின் பேரன்தான் நுங்கு வெட்டுவான். ஆயினும் நம் முன்னோர் வரப்போரங்களில் பனங்கொட்டைகளை ஊன்றாமல் இருந்ததில்லை. இக்கட்டுரையில் நாம் நினைவுகூர விழையும் மனிதரும் அப்படிப் பனை வைத்தவரே. 2012ஆம் ஆண்டு இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற பூர்ணோ அகிடோக் சங்மா அவர்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நம்முள் தானாக எழுந்ததன்று. 2022 ஜூலை 25ஆம் நாள், சந்தால் பழங்குடியினத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு நாட்டின் 15ஆவது குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். அன்று மாலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தபோது, ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் வந்தார். நாள்தோறும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர் அவர். "ஏனுங்க சாமி, பத்து வருசத்துக்கு முந்தி நம்ம சங்மா நின்னு தோத்தாருங்களே, அவரப் பத்தி இன்னைக்கு ஒருத்தருமே ஒரு வார்த்தை சொல்லலீங்களே?" என்று கேட்டார். நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது. 2012இல் நாமும் அந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்பது நினைவுக்கு வந்தபோது அது இன்னும் கனத்தது.

காரோ மலைச் சிறுவன்

சங்மா 1947 செப்டம்பர் 1ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற பதினேழாம் நாளில், இன்றைய மேகாலயாவின் காரோ மலைப் பகுதியில் சப்பாஹாத்தி என்னும் சிற்றூரில் பிறந்தார். காரோ மக்கள் தாய்வழி மரபினர். குலப்பெயரும் சொத்தும் அவர்களிடையே தாய் வழியாகவே வருகின்றன. சிறுவன் சங்மா இளமையிலேயே தந்தையை இழந்தான். வறுமை அவனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. நம் நாட்டு மலைச் சிற்றூர்களில் எண்ணற்ற சிறுவர்களின் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இச்சிறுவனின் கதை முடியாமல் போனதற்கு ஒரு குருவானவர் காரணம். ஜொவான்னி பத்திஸ்தா புசோலின் என்னும் சலேசிய சபைத் தந்தை, மாடு மேய்க்கவும் காட்டு வேலைக்கும் போயிருக்க வேண்டிய அச்சிறுவனைத் தேடி மீண்டும் பள்ளிக்கு அழைத்து வந்தார். தொன் போஸ்கோவின் மக்கள் இந்திய மண்ணில் முதன்முதலாகக் காலூன்றியது 1906இல் நம் தஞ்சாவூரில் என்பதை வாசகர் அறிவர். அவர்களே 1922இல் வடகிழக்கின் ஷில்லாங்கிற்குச் சென்றனர். அவர்கள் அங்கு நிறுவிய புனித அந்தோனியார் கல்லூரியில் சங்மா பட்டம் பெற்றார். பின்னர் திப்ருகர் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றார். சட்டமும் கற்றார். சிறிது காலம் ஆசிரியப் பணியும் ஆற்றினார்.

1977இல் துரா தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை. நாடெங்கும் காங்கிரசு வீழ்ந்த ஆண்டு அது. அந்த ஆண்டிலேயே காங்கிரசு வேட்பாளராக நின்று அவர் வென்றார். 1988 முதல் 1990 வரை மேகாலயாவின் முதலமைச்சராக இருந்தார். நடுவண் அரசில் தொழிலாளர் துறையையும், தகவல் ஒலிபரப்புத் துறையையும் கவனித்தார்.

அவரை நாடறியச் செய்தது சபாநாயகர் பதவியே. 1996 மே மாதம் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத மக்களவை கூடியது. வாஜ்பாயின் பதின்மூன்று நாள் ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரம். ஆளும் கட்சியைச் சேராத சங்மாவை அவை ஒருமனதாகத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவிக்கு வந்த முதல் பழங்குடியினர் அவர். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பிரதமர்களைக் கண்ட அந்த அவையைச் சிரித்த முகத்தோடும், யாருக்கும் வளைந்து கொடுக்காத கண்டிப்போடும் அவர் நடத்தினார். நம்பிக்கை வாக்கெடுப்பு நாள்களில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள், அந்தக் குள்ளமான உருவத்தையும் குறும்பான சிரிப்பையும் இன்றும் மறந்திரா. விடுதலையின் பொன்விழாவை ஒட்டி 1997 ஆகஸ்டு 26 முதல் செப்டம்பர் 1 வரை நடைபெற்ற சிறப்புக் கூட்டத்தில், வறுமையிலிருந்தும் ஊழலிலிருந்தும் விடுபட இரண்டாம் விடுதலைப் போராட்டம் ஒன்று வேண்டும் என்று அவர் தலைமை இருக்கையிலிருந்தே அறைகூவல் விடுத்தார்.

2012: ஒரு தனிமனிதர் கதவு தட்டுகிறார்

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களிக்கின்றனர். எனவே இத்தேர்தலில் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த நிலையில், தம் கட்சியின் ஒப்புதலும் இல்லாத ஒருவர் தாமாக எழுந்து, "நான் நிற்கிறேன், எனக்கு வாக்களியுங்கள்" என்று தலைவர்களின் கதவுகளைத் தட்டுவது அரிது. 2012 கோடையில் சங்மா அதைத்தான் செய்தார்.

மே 17ஆம் நாள், தமிழக முதலமைச்சர் ஜெயலலிதாவும் ஒடிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக்கும் அவருக்கு ஆதரவு அறிவித்தனர். அவர் இருந்த தேசியவாதக் காங்கிரசுக் கட்சியோ ஆளும் கூட்டணியில் இருந்தது. அக்கூட்டணி பிரணாப் முகர்ஜியை வேட்பாளராக நிறுத்தியது. விலகிக்கொள்ளும்படி கட்சி சங்மாவுக்குச் சொன்னது. அவர் போட்டியிலிருந்து விலகாமல் கட்சியிலிருந்து விலகினார். அதன் பின்னரே பாரதிய சனதா கட்சி அவருக்கு ஆதரவு தெரிவித்தது. அக்கட்சியின் கூட்டாளிகளான சிவசேனையும் ஐக்கிய சனதா தளமும் பிரணாப் பக்கம் சென்றன. ஜூலை 19ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது. ஜூலை 22ஆம் நாள் வெளியான முடிவின்படி பிரணாப் முகர்ஜி 7,13,763 வாக்கு மதிப்பும், சங்மா 3,15,987 வாக்கு மதிப்பும் பெற்றனர். நூற்றுக்கு எழுபதுக்குச் சற்றுக் குறைவாக ஒருவர், முப்பதுக்குச் சற்று மேலாக மற்றவர்.

நாளிதழ்கள் அதைப் படுதோல்வி என்று எழுதின. கணக்கின்படி அது சரியே. வெல்வதற்கு அற்புதம் ஒன்று நிகழும் என்று தாம் நம்புவதாகச் சங்மா அடிக்கடி கூறி வந்ததைச் சிலர் நகைத்தனர். நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. குருக்கள் சிலர் கூடியிருந்த ஓர் உணவு மேசையில், "நம்மவர் அற்புதத்தை எதிர்பார்க்கிறாராம்" என்று சொன்ன வாய் நம்முடையதே.

வலிமை எங்கே இருந்தது?

இன்று திரும்பிப் பார்க்கும்போது, அந்தத் தோல்வியுற்ற முயற்சியில் நாம் அன்று காணாத வலிமைகள் சில தெரிகின்றன.

முதலாவது, அவர் கேள்வியை மிக எளிமையாக வைத்தார். இந்தியக் குடியரசு அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அந்த மாளிகையில் சாகிர் உசேன், பக்ருதீன் அலி அகமது, அப்துல் கலாம் என்று இசுலாமியர் மூவர் அமர்ந்தனர். 1982இல் சீக்கியரான ஜெயில் சிங் அமர்ந்தார். 1997இல் தலித் இனத்தவரான கே.ஆர். நாராயணன் அமர்ந்தார். 2007இல் பிரதிபா பாட்டீல் என்னும் பெண்மணி அமர்ந்தார். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களில் ஒருவர்கூட அங்கு ஏன் அமரவில்லை? இக்கேள்விக்கு விடை சொல்ல எந்தக் கட்சியிடமும் ஒரு வரி இல்லை. அவருக்கு எதிராக வாக்களித்தவர்களும், அவர் கேட்பது தவறு என்று சொல்லவில்லை. இப்பொழுது வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

இரண்டாவது, அவர் இரக்கத்தை யாசிக்கவில்லை. முதலமைச்சராகவும் நடுவண் அமைச்சராகவும் சபாநாயகராகவும் இருந்து பழுத்தவர் அவர். பழங்குடியினர் என்பதற்காக மட்டும் ஓர் இடம் தாருங்கள் என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. தகுதியிருந்தும் எங்களில் ஒருவரை ஏன் நினைப்பதில்லை என்று கேட்கும் நிலையில் இருந்தார்.

மூன்றாவது, அவர் கிறிஸ்தவராக இருந்தும் முதன்மையாகப் பழங்குடியினர் என்ற பெயராலேயே நின்றார். சந்தாலும் கோண்டும் முண்டாவும் காரோவும் வெவ்வேறு வழிபாடுகளை உடையவர்கள். அவர்கள் அனைவரையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவர வேண்டுமானால், தம் சமயத்தை முன்னிறுத்தக் கூடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு பொதுநிலைக் கத்தோலிக்கர் பொதுவாழ்வில் எவ்வாறு நிற்கலாம் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு என்று நாம் கருதுகிறோம்.

நான்காவது, தோற்ற பின்னும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. பிரணாப் முகர்ஜி வேட்புமனு அளித்த வேளையில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவர் பதவியில் இருந்தார் என்றும், அது ஆதாயம் தரும் பதவி என்றும் வாதிட்டு உச்ச நீதிமன்றம் சென்றார். 2012 டிசம்பர் 5ஆம் நாள் ஐந்து நீதியரசர் அமர்வு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். நம் ஈரோடு மாவட்டத்தவரான நீதியரசர் பி. சதாசிவம் பெரும்பான்மையில் இருந்தார். முழு விசாரணை தேவையில்லை என்று மூவர் கூறியபோது, செலமேசுவரும் ரஞ்சன் கோகோயும் விசாரிக்கத்தான் வேண்டும் என்று மாறுபட்டனர். வழக்கிலும் சங்மா தோற்றார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி வெறும் பிடிவாதம் அன்று என்பதற்கு அந்த இரு நீதியரசர்களின் மாறுபாடு சான்று.

இந்த இடத்தில் நம் கொங்கு வாசகர்களுக்கு ஒரு சிறு கணக்கையும் சொல்ல வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. மேகாலயாவின் உறுப்பினர் ஒருவருக்கு 17. மேகாலயாச் சட்டமன்றத்தின் அறுபது பேரும் ஒன்றாக வாக்களித்தாலும் மொத்தம் 1,020தான் தேறும். கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளின் மதிப்போ 1,760. அதாவது, சங்மாவின் சொந்த மாநிலம் முழுவதைக் காட்டிலும் நம் ஒரு மாவட்டத்தின் தட்டு கனமானது. மக்கள் தொகை குறைந்த மலைநாட்டு மனிதர் ஒருவர் தம் மக்களை மட்டும் நம்பி அந்த மாளிகைக்குச் செல்ல இயலாது. சமவெளியில் வாழ்வோர் அவருக்காகக் கை தூக்க வேண்டும். 2012இல் தமிழகத்தின் ஆளுங்கட்சி கை தூக்கியது. அதன் அரசியல் காரணங்கள் எவையாயினும், அச்செயலை வரலாறு நம் மாநிலத்தின் வரவுப் பக்கத்தில்தான் எழுதும்.

குறைகளும் கூறப்பட வேண்டும்

மறைந்தவரைப் புகழ்வது எளிது. வரலாறு எழுதுவோர் அதோடு நிற்கலாகாது.

1999 மே மாதத்தில், சரத் பவார், தாரிக் அன்வர் ஆகியோரோடு சேர்ந்து, வெளிநாட்டில் பிறந்த சோனியா காந்தி பிரதமராகக் கூடாது என்று சங்மா கிளப்பிய வாதம் நம்மில் பலரைப் புண்படுத்தியது. மூவரும் காங்கிரசிலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி கண்டனர். உயர் பதவிக்கு யார் வரலாம் என்று விவாதிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் காலம் எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில்தான் ஒடிசாவில் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்னும் ஆஸ்திரேலிய ஊழியரும் அவருடைய இரு சிறு புதல்வர்களும் உயிரோடு எரிக்கப்பட்டனர். 'அந்நியர்' என்ற சொல் நெருப்பாக இருந்த நாள்கள் அவை. இத்தாலியிலிருந்து வந்த ஒரு குருவின் கை பிடித்துப் பள்ளிக்குத் திரும்பியவர், பிறந்த நாட்டை அளவுகோலாக்கியது நமக்கு விளங்காத புதிராகவே இருக்கிறது.

கட்சிகளை அவர் மாற்றிய வேகமும் மக்களின் நம்பிக்கையைக் குறைத்தது. 2004இல் தேசியவாதக் காங்கிரசிலிருந்து பிரிந்து மம்தா பானர்ஜியோடு இணைந்தார். சிறிது காலத்தில் மீண்டும் பழைய கட்சிக்கே திரும்பினார். 2012இல் அவருக்குத் துணை நின்றோரைக் கண்டும் கிறிஸ்தவர் பலர் தயங்கினர். 2008இல் கந்தமாலில் பழங்குடியினரும் தலித்துகளுமான கிறிஸ்தவர்களின் வீடுகள் எரிந்தபோது ஒடிசாவை ஆண்ட கூட்டணியின் இரு கட்சிகளும் அவருக்கு ஆதரவளித்தவர்களில் இருந்தன. அந்தத் தயக்கத்தைத் தவறென்று நாம் சொல்ல மாட்டோம்.

எல்லாவற்றையும்விடக் கசப்பானது, அவர் யாருக்காக நின்றாரோ அவர்களே அவரோடு நிற்கவில்லை என்பது. பழங்குடியினரின் கட்சியான ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா, அப்பொழுது தன் மாநிலத்தில் பாரதிய சனதாவோடு கூட்டாட்சி நடத்திக்கொண்டே பிரணாபுக்கு வாக்களித்தது. சங்மாவின் சொந்த மேகாலயாவிலும் காங்கிரசு ஆட்சியே நடந்ததால் பெரும்பான்மை அவருக்குக் கிடைக்கவில்லை. இனத்தின் பெயரால் எழுப்பும் குரல் மட்டும் கட்சிக் கட்டுப்பாட்டை உடைத்துவிடும் என்று அவர் நம்பியது பிழைக் கணக்கு.

1992: மறந்துபோன முன்னுரை

இக்கேள்வி 2012இல் பிறந்ததும் அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்னுரை எழுதப்பட்டிருந்தது. 1992 ஜூலையில் சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து ஜார்ஜ் கில்பர்ட் சுவெல் போட்டியிட்டார். அவரும் மேகாலயா மலைகளைச் சேர்ந்தவர், காசி இனத்தவர். 1969 முதல் 1977 வரை மக்களவையின் துணைச் சபாநாயகராக இருந்தவர். சர்மாவுக்கு 6,75,864, சுவெலுக்கு 3,46,485. அவருடைய பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

அந்த ஜூலைக்கு முந்தைய மாதம் நம் அண்டையில் நடந்ததை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20ஆம் நாள் தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊருக்குள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. அதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தில்லியில் ஒரு பழங்குடி வேட்பாளர் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே கோடையில், தருமபுரியில் ஒரு பழங்குடி ஊர் காடுகளில் ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க அன்று நமக்குத் தோன்றவில்லை. தில்லிச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. வாச்சாத்தியோ பல நாள்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. மாளிகையில் யார் அமர வேண்டும் என்ற கேள்வியை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்குவோர் இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் தலைமையிடத்தில் தன்னைப் போன்ற முகம் ஒன்றையும் காணாத மக்களை, காக்கிச் சட்டை அணிந்த கடைநிலை ஊழியரும் மதிக்கக் கற்பதில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின்

தேர்தலில் தோற்ற சங்மா 2013 ஜனவரியில் தேசிய மக்கள் கட்சியைத் தொடங்கினார். அதன் சின்னம் புத்தகம். பள்ளியை விட்டு நின்ற சிறுவன் ஒருவன் தன் கட்சிக்குப் புத்தகத்தைச் சின்னமாகக் கொண்டதை நாம் பொருளற்றதாகக் கருதவில்லை. 2014இல் துரா தொகுதி அவரை மீண்டும் மக்களவைக்கு அனுப்பியது. 2016 மார்ச் 4ஆம் நாள் தில்லியில் அவர் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 2018இல் அவருடைய மகன் கான்ராட் சங்மா மேகாலயாவின் முதலமைச்சரானார். 2019இல் அக்கட்சி தேசியக் கட்சி என்ற தகுதியைப் பெற்றது. வடகிழக்கு மண்ணில் தோன்றிய ஒரு கட்சி அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை.

பின்பு 2022 வந்தது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி, ஜார்க்கண்டின் ஆளுநராக இருந்த திரௌபதி முர்முவைப் பாரதிய சனதா கூட்டணி வேட்பாளராக அறிவித்தது. முர்மு 6,76,803 வாக்கு மதிப்பும், எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்கா 3,80,177 வாக்கு மதிப்பும் பெற்றனர். இந்த வெற்றிக்குச் சங்மாதான் காரணம் என்று கூறினால் அது மிகையாகும். ஒரு கட்சி தன் கணக்குகளைக் கொண்டே தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. 2012இல் பாரதிய சனதாவின் கூட்டாளியாக இருந்தும் சங்மாவைக் கைவிட்ட அதே ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா, 2022இல் காங்கிரசின் கூட்டாளியாக இருந்தும் முர்முவுக்கு வாக்களித்தது. பத்து ஆண்டுகளில் கட்சிகளின் இடம் மாறியிருந்தது. கூடவே, 'இப்பொழுது வேண்டாம்' என்று ஒரு பழங்குடி வேட்பாளரிடம் சொல்ல இயலாத நிலையும் பிறந்திருந்தது. அந்த நிலையை உருவாக்கியவர்களில் 1992இல் தோற்ற சுவெலும் 2012இல் தோற்ற சங்மாவும் இருக்கின்றனர். தோல்வியுற்ற வேட்பாளரை அவர் பெற்ற வாக்குகளைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்று நாம் சொல்வது இதனாலேயே. அவர் விட்டுச் சென்ற கேள்வி, வென்றவர்களின் வாரிசுகளைத் தொடர்ந்து துரத்தியதா என்றும் பார்க்க வேண்டும். சங்மாவின் கேள்வி துரத்தியது.

நம் மலையடிவாரத்தில்

கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டதா? பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையோரம் நின்று மேற்கே நோக்கினால் குருடிமலை தெரியும். பாலமலை அரங்கநாதரைக் காணச் செல்லும் அன்பர்கள் ஏறும் வழியில் இருளர் வாழும் பதிகள் இருக்கின்றன. கீழே ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் இரவு பகலாக இயங்குகின்றன. மேலே பள்ளி செல்லும் பிள்ளை யானை வரும் வழியைக் கடந்து நடக்க வேண்டும். தமிழகத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவரே. 234 தொகுதிகளில் ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆகிய இரண்டே அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. எண்ணிக்கையால் அவர்கள் எந்தத் தேர்தலையும் வெல்ல முடியாது. ஆகவே அவர்களை நினைக்க எந்தக் கட்சிக்கும் கட்டாயம் இல்லை.

இப்பொழுது நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சங்மா கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்த அதே 2012 ஜூன் மாதம், மலையடிவாரப் பதி ஒன்றிலிருந்து ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கணவரை யானை அடித்துக் கொன்று சில மாதங்களே ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பு முடித்த மகன் பள்ளிக்குப் போக மறுத்துச் செங்கற்சூளை வேலைக்குப் போகிறான் என்றும், "சாமி வந்து ஒரு வார்த்த சொன்னாக் கேட்பானுங்க" என்றும் கண்ணீரோடு சொன்னார். "வருகிறோம் அம்மா" என்று சொன்னோம். திருவிழா வந்தது. கூட்டங்கள் வந்தன. நாம் அந்தப் பதிக்குப் போனபோது செப்டம்பர் ஆகிவிட்டது. பையனின் கைகள் அதற்குள் சூளைக்குப் பழகிவிட்டன. நம் சொல்லை அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டான். பள்ளிக்குத் திரும்பவில்லை.

காரோ மலையில் புசோலின் தந்தை வந்த நேரத்தில் வந்தார். குருடிமலை அடிவாரத்தில் நாம் மூன்று மாதங்கள் பிந்தி வந்தோம். ஒரு சிறுவன் சபாநாயகரானான், இன்னொருவன் செங்கல் சுமந்தான். இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு அறிவில் மட்டும் இருந்தது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளர் எங்கே உருவாகிறார் என்று நம்மைக் கேட்டால், அவர் பள்ளியை விட்டு நிற்கும் வயதில், அவரைத் தேடி ஒருவர் மலையேறும் அந்த ஒரு நாளில் உருவாகிறார் என்றே சொல்வோம். அந்த நாளில் நாம் வேறு வேலையாக இருந்தோம். அதே மாதத்தில்தான், உணவு மேசையில் அமர்ந்து சங்மாவின் அற்புதத்தைப் பற்றி நகைத்தோம்.

நம் இறைமக்களில் ஆலை வைத்திருப்போர் உண்டு, ஆசிரியர் உண்டு, வங்கிப் பணியாளர் உண்டு, ஓய்வு பெற்றோர் உண்டு. பழங்குடிப் பெண்மணி ஒருவர் குடியரசுத் தலைவரானதில் நாம் பெருமை கொள்வது முறையே. அந்தப் பெருமையோடு மலைமீது ஒரு முறை ஏறிப் பார்க்கவும் வேண்டும். எந்தப் பதியில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது என்று கேட்டறியப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சனிக்கிழமையும், கொஞ்சம் நடக்கும் கால்களும் போதும்.

அந்த ஆலைத் தொழிலாளருக்கு நாம் சொல்லாமல் விட்ட விடையை அண்மையில் சொன்னோம். சங்மாவைப் பற்றி யாரும் பேசாததற்கு அவர் தோற்றது காரணம் அன்று, கேட்டவர்களில் நாமும் வாய் மூடியிருந்ததே காரணம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ இனிப் பேசலாமுங்க சாமி" என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு பதிக்குப் போனோம். செங்கல் சுமந்த அந்தப் பையனுக்கு இன்று ஒரு மகள் இருக்கிறாள். நம்மைக் கண்டதும் கதவின் பின்னே ஒளிந்துகொண்டாள். வரும் ஜூனில் அவளை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். அன்று உடன் வருவதாக அவள் தகப்பனிடம் வாக்களித்திருக்கிறோம். இம்முறை பிந்த மாட்டோம்.